லெல்லோ புத்தகசாலை

லெல்லோ புத்தகசாலை (லிவ்ராரியா லெல்லோ) என்பது போர்த்துக்கல் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான போர்ட்டோவில் அமைந்துள்ள ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க புத்தகக் கடை ஆகும். 1869 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பதிப்பகத்தின் வழிவந்த இது, 1906 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் இப்போதுள்ள கட்டிடத்தில் திறந்து வைக்கப்பட்டது. இரண்டாகப் பிரிந்து வளைந்து செல்லும் சிவப்பு நிறப் படிக்கட்டு, வண்ணக் கண்ணாடியால் ஆன மேற்கூரை, கூரை வரை உயர்ந்த அலமாரிகள் ஆகியவற்றுக்காக இது உலகின் மிக அழகிய புத்தகக் கடைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 2013 ஆம் ஆண்டில் போர்த்துக்கல் அரசு இக்கட்டிடத்தைப் பொதுநலன் சார்ந்த நினைவுச் சின்னமாக அறிவித்தது.

2015 ஆம் ஆண்டு முதல் இப்புத்தகசாலைக்குள் நுழைவதற்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது. நூல் வாங்குவோருக்கு அக்கட்டணம் நூலின் விலையில் கழித்துக் கொள்ளப்படும். புத்தகக் கடையொன்று நுழைவுச் சீட்டு விற்பது வழமைக்கு மாறானது. ஆகையால், ஒரு பழைய புத்தகக் கடை சுற்றுலாத் தலமாக மாறிய பின்னரும் புத்தகக் கடையாகவே நீடிப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு லெல்லோ ஓர் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது.

அமைவிடம்

போர்ட்டோ நகரம், தோரோ ஆறு அத்திலாந்திக் பெருங்கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், ஆற்றின் வடகரையில் உள்ளது. இதன் பழைய நகரப்பகுதி 1996 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புத்தகசாலை அமைந்துள்ள தெரு ருவா டாசு கார்மெலிட்டாசு எனப்படுகின்றது. இதற்குக் கார்மேல் சபைக் கன்னியர் தெரு என்பது பொருள். முற்காலத்தில் அச்சபையினரின் கன்னியர் மடம் ஒன்று இப்பகுதியில் இருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. கடையின் கதவு இலக்கம் 144 ஆகும்.

தெருவின் ஒரு முனையில் இத்தாலியரான நிக்கோலோ நசோனி வடிவமைத்த கிளேரிகோசு தேவாலயமும் அதன் கோபுரமும் உள்ளன. ஏறத்தாழ 75 மீட்டர் உயரமான இக்கோபுரம் 1763 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. மறுபுறத்தில் போர்ட்டோ பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டிடம் அமைந்துள்ளது. அருகிலுள்ள பழைய சிறைச்சாலை இன்று ஒளிப்பட மையமாக உள்ளது. நாவலாசிரியர் கமிலோ காசுடெலோ பிராங்கோ இச்சிறையில் அடைக்கப்பட்டிருந்தபோதே, 1862 இல் வெளியான தமது புகழ்பெற்ற நாவலான அமோர் டி பெர்டிசாவோவை எழுதினார். பல்கலைக்கழகமும் தேவாலயங்களும் கடைவீதியும் கூடும் இடமாக இருந்ததால், புத்தக வணிகத்துக்கு இப்பகுதி ஏற்றதாக இருந்தது.

வரலாறு

சார்ட்ரோன் காலம்

இப்புத்தகசாலையின் வரலாறு எர்னெசுட்டோ சார்ட்ரோன் என்னும் பிரான்சியரிடம் இருந்து தொடங்குகின்றது. இளம் வயதில் போர்ட்டோவுக்கு வந்த இவர், அந்நகரில் இருந்த மோரே புத்தகக் கடையில் பணியாற்றினார். பின்னர் 1869 இல் அனைத்துலகப் புத்தகசாலை என்னும் பெயரில் கிளேரிகோசு தெருவில் சொந்தமாகக் கடை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் புத்தக விற்பனையும் பதிப்புத் தொழிலும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. விற்பவரே எழுத்தாளரிடம் கைப்பிரதியை வாங்கி, அச்சிட்டு, தமது கடையில் விற்பார்.

சார்ட்ரோன் 19 ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கேய இலக்கியத்தின் முதன்மையான பதிப்பாளர்களுள் ஒருவரானார். கமிலோ காசுடெலோ பிராங்கோவின் பல நூல்களை இவர் வெளியிட்டார். எசா டி கெய்ரோசு எழுதிய ஓ பிரிமோ பசிலியோ என்னும் நாவல் 1878 இல் இப்பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. சார்ட்ரோன் 1885 இல் காலமானார். அவருக்குப் பின் நிறுவனம் லூகான், செனெலியூ ஆகியோரின் உரிமைக்கு மாறியது. போர்த்துக்கேய நாவல் இலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படும் எசாவின் ஓசு மாயாசு, 1888 இல் இவர்களது காலத்திலேயே வெளியானது.

லெல்லோ உடன்பிறந்தார்

ஒசே பின்டோ டி சோசா லெல்லோ என்பவர் 1881 இல் தமது மைத்துனருடன் சேர்ந்து போர்ட்டோவின் அல்மாடா தெருவில் புத்தக வணிகத்தைத் தொடங்கினார். பின்னர் அவரது உடன்பிறந்தாரான அந்தோனியோ லெல்லோ வணிகத்தில் பங்காளரானார். நிறுவனத்தின் பெயரில் இடம்பெற்ற இர்மாவோ என்னும் போர்த்துக்கேயச் சொல் உடன்பிறந்தவன் எனப் பொருள்படும். 1894 இல் லெல்லோ சார்ட்ரோன் புத்தகசாலையை அதன் இருப்பு நூல்களுடனும் பதிப்புரிமைகளுடனும் விலைக்கு வாங்கினார். சார்ட்ரோனின் பெயருக்கு இருந்த மதிப்பின் காரணமாக, உரிமையாளர் மாறிய பின்னரும் நெடுங்காலம் அப்பெயர் நூல்களின் முகப்புப் பக்கங்களில் இடம்பெற்று வந்தது.

விற்பனையுடன் பதிப்புப் பணியையும் லெல்லோ உடன்பிறந்தார் தொடர்ந்தனர். இவர்களது வெளியீடுகளுள் லெல்லோ யுனிவர்சல் என்னும் கலைக்களஞ்சிய அகராதி குறிப்பிடத்தக்கது. போர்த்துக்கேய மொழி பேசும் பல குடும்பங்களில் லெல்லோ என்னும் பெயர் முதலில் அறிமுகமானது கட்டிடத்தின் மூலம் அன்று, இத்தகைய அகராதிகளின் மூலமே ஆகும்.

புதிய கட்டிடம்

இன்றைய கட்டிடத்தை வடிவமைத்தவர் பொறியாளர் பிரான்சிசுக்கோ சேவியர் எசுடெவெசு ஆவார். 1906 சனவரி 13 ஆம் நாள் நடைபெற்ற திறப்பு விழாவில் கவிஞர் குவெர்ரா சுங்கெய்ரோ, வழக்கறிஞரும் அரசியலாளருமான அபோன்சோ கோசுட்டா, போர்த்துக்கேயத் திரைப்படத்தின் முன்னோடியான அவுரேலியோ பாசு டோசு ரெய்சு முதலியோர் கலந்து கொண்டனர்.

இவ்விழாவில் கூடியவர்களுள் பலர், முடியாட்சிக்கு எதிரான குடியரசு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. எசுடெவெசும் கோசுட்டாவும் 1899 இல் போர்ட்டோவிலிருந்து குடியரசுக் கட்சியின் சார்பில் தெரிவு செய்யப்பட்ட மூவருள் இருவர் ஆவர். 1910 ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து முடியாட்சி வீழ்ந்தது. கோசுட்டா பின்னாளில் நாட்டின் தலைமை அமைச்சரானார்.

புத்தகசாலை திறக்கப்பட்ட காலத்தில் போர்த்துக்கல் மக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தனர். அத்தகைய நாட்டில் தேவாலயத்தின் சாயலில் புத்தகத்துக்கு ஒரு மாளிகை எழுப்பியது வணிக விளம்பரம் மட்டும் அன்று. கல்வியே நாட்டை உயர்த்தும் என்ற அக்காலக் குடியரசுவாதிகளின் நம்பிக்கையும் இக்கட்டிடத்தில் வெளிப்படுவதாகக் கொள்ளலாம்.

கட்டிடக்கலை

முகப்பு

கட்டிடத்தின் முகப்பு புதிய கோதிக் பாணியில் அமைந்தது. ஆர்ட் நூவோ எனப்படும் அக்காலப் புதுக்கலைப் பாணியின் கூறுகளும் இதில் காணப்படுகின்றன. தரைத்தளத்தில் அகன்ற, தாழ்வான வளைவு ஒன்று உள்ளது. அதனுள் நடுவில் வாயிலும் இருபுறமும் காட்சிச் சாளரங்களும் அமைந்துள்ளன. மேல்தளத்தில் மூன்று சாளரங்களும், அவற்றின் இரு பக்கங்களிலும் ஓவியர் ஒசே பியல்மான் வரைந்த இரு உருவங்களும் உள்ளன. ஒன்று கலையையும் மற்றது அறிவியலையும் குறிக்கின்றன. ஒரு புத்தகக் கடையில் கிடைக்கக்கூடியவை அனைத்தையும் இவ்விரண்டுக்குள் அடக்கிக் காட்டுவதே இதன் நோக்கமாகும்.

உட்புறம்

உள்ளே நுழைந்தவுடன் பார்வையைக் கவர்வது கூடத்தின் நடுவிலுள்ள படிக்கட்டாகும். மேல்தளத்தை அடையும் முன்னர் இது இரு கிளைகளாகப் பிரிந்து வளைந்து செல்கின்றது. படிகளின் சிவப்பு நிறம், பக்கங்களில் உள்ள செதுக்கு வேலைப்பாடு, அடிப்புறத்தின் அலங்காரம் ஆகியவை சேர்ந்து, அது தாங்குதலின்றி நிற்பது போன்ற தோற்றத்தை அளிக்கின்றன.

சுவர்களை ஒட்டித் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரிகள் உள்ளன. தூண்களில் சிற்பி ரொமாவோ சூனியர் செதுக்கிய எழுத்தாளர்களின் மார்பளவுச் சிலைகள் இடம்பெற்றுள்ளன. எசா டி கெய்ரோசு, கமிலோ காசுடெலோ பிராங்கோ, அந்தேரோ டி குவெண்டால், தியோபிலோ பிராகா, தோமாசு ரிபெய்ரோ, குவெர்ரா சுங்கெய்ரோ ஆகியோர் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவர்கள். இவர்களுள் முதலிருவரின் நூல்களைச் சார்ட்ரோன் பதிப்பித்தார் என்பதால், சிலைகள் நிறுவனத்தின் வரலாற்றையும் நினைவூட்டுகின்றன.

பார்ப்போர் பலர் கூரையின் வேலைப்பாடுகள் முழுவதும் மரச் செதுக்கல் என எண்ணுவதுண்டு. ஆனால் அவை சுண்ணச் சாந்தினால் செய்யப்பட்டு, மரம் போன்று தோன்றுமாறு வண்ணம் தீட்டப்பட்டவை ஆகும். கட்டிடத்தின் அமைப்பில் அக்காலத்தில் புதியதாக இருந்த வலுவூட்டிய காங்கிறீற்றும் பயன்படுத்தப்பட்டுள்ளது. இவ்வாறு நடுக்காலத் தோற்றமும் 20 ஆம் நூற்றாண்டின் தொழில்நுட்பமும் இங்கு இணைந்துள்ளன.

தரைத்தளத்தில் தண்டவாளம் போன்ற இரு இருப்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. இவற்றின் மீது ஒரு சிறிய மரத் தள்ளுவண்டி செல்லும். புத்தகக் கட்டுகளை அலமாரிகளுக்குக் கொண்டு செல்வதற்காக இவை அமைக்கப்பட்டன. அலங்காரங்கள் நிறைந்த இக்கூடம் அடிப்படையில் ஒரு பணியிடம் என்பதை இவ்வண்டி காட்டுகின்றது.

மேற்கூரைக் கண்ணாடி

கூடத்தின் மேலே ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட வண்ணக் கண்ணாடி மேற்கூரை உள்ளது. பகல் வெளிச்சம் இதன் வழியே வடிகட்டப்பட்டுக் கீழே இறங்குகின்றது. இதன் நடுவில் நிறுவனத்தின் முத்திரை எழுத்துகளும் டெக்குசு இன் லபோரே என்னும் இலத்தீன் தொடரும் காணப்படுகின்றன. உழைப்பில் உள்ளது பெருமை என இதனைத் தமிழில் கூறலாம். இக்கண்ணாடி வேலையைச் செய்தவர் போர்ட்டோவில் குடியேறிய ஒல்லாந்துக் கலைஞரான கெரார்டசு சாமுவேல் வான் கிரீக்கன் ஆவார்.

புகழும் கூட்ட நெரிசலும்

1995 ஆம் ஆண்டில் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாளிதழான தி கார்டியன் வெளியிட்ட உலகின் சிறந்த புத்தகக் கடைகளின் பட்டியலில் லெல்லோ மூன்றாம் இடத்தைப் பெற்றது. மலிவு விலை வானூர்திச் சேவைகளால் போர்ட்டோவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பெருகிய காலமும் இதுவே. பயண வழிகாட்டி நூல்களும் பின்னர் சமூக வலைத்தளங்களில் பரவிய ஒளிப்படங்களும் இப்புத்தகசாலையை நகரில் தவறாது பார்க்க வேண்டிய இடங்களுள் ஒன்றாக்கின.

இதன் விளைவாக ஒரு முரண்பாடு தோன்றியது. கடைக்குள் வருவோரின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. ஆனால் வந்தவர்களுள் பெரும்பாலோர் நூல் எதனையும் வாங்காமல், படிக்கட்டில் நின்று படம் எடுத்துக் கொண்டு வெளியேறினர். ஒளிப்படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டும் நிலைமை மாறவில்லை. நூல் வாங்க வந்தவர் அலமாரியை அணுகுவதே கடினமாயிற்று. நூற்றாண்டு கடந்த படிகளும் தரையும் அளவுக்கு மீறிய நடமாட்டத்தால் தேய்வடைந்தன. கட்டிடத்தின் புகழ் வளர்ந்த அளவுக்கு அதன் வணிகம் வளரவில்லை. ஒரு புத்தகக் கடையைப் பொறுத்தவரை, பார்வையாளர் மட்டும் உள்ள நிலை வாடிக்கையாளர் இல்லாத நிலைக்கு ஒப்பானதாகும்.

ஆரி பாட்டர் தொடர்பான கருத்து

ஆரி பாட்டர் நாவல் வரிசையை எழுதிய சே. கே. ரௌலிங் 1991 முதல் 1993 வரை போர்ட்டோவில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் லெல்லோவுக்கு அடிக்கடி வந்தார் என்றும், நாவலில் வரும் ஆக்வார்ட்சு மாயப் பள்ளியின் படிக்கட்டுகளுக்கு இக்கடையின் படிக்கட்டே அகத்தூண்டுதலாக அமைந்தது என்றும் ஒரு கருத்து பரவியது. பயண நூல்களும் வழிகாட்டிகளும் இதனைத் திரும்பத் திரும்பக் கூறியதால், பலர் இதற்காகவே கடைக்கு வந்தனர்.

2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் ரௌலிங் இதனை வெளிப்படையாக மறுத்தார். தாம் அக்கடைக்குச் சென்றதே இல்லை என்றும், போர்ட்டோவில் வாழ்ந்த காலத்தில் அப்படி ஒரு கடை இருப்பதையே அறிந்திருக்கவில்லை என்றும் தமது சமூக வலைத்தளப் பக்கத்தில் தெரிவித்தார். கடை அழகானது எனவும், சென்றிருக்கலாமே எனத் தாம் விரும்புவதாகவும் அவர் குறிப்பிட்டார். ஆயினும் பழைய கருத்து சில பயணக் கட்டுரைகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றது. எனவே மாணவர்கள் இதனைச் செய்தியாக எடுத்தாளும்போது கவனம் தேவை. கடையின் உண்மையான இலக்கியத் தொடர்பு எசா, கமிலோ முதலிய போர்த்துக்கேய எழுத்தாளர்களுடனானது. அது சான்றுகளுடன் அறியப்பட்டதுமாகும்.

நுழைவுச் சீட்டு முறை

2015 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் புத்தகசாலை நுழைவுச் சீட்டு முறையை நடைமுறைப்படுத்தியது. தொடக்கத்தில் கட்டணம் 3 யூரோவாக இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் இது படிப்படியாக உயர்த்தப்பட்டது. இச்சீட்டு வெறும் அனுமதிச் சீட்டு அன்று. அதனைக் காட்டி நூல் ஒன்றை வாங்கினால், சீட்டின் தொகை அந்நூலின் விலையிலிருந்து குறைக்கப்படும். ஆகவே நூல் வாங்குபவருக்கு நுழைவு இலவசமாகிறது. வாங்காதவர் கட்டிடத்தின் பராமரிப்புக்குப் பங்களித்தவராகிறார்.

இம்முறையின் விளைவுகள் பின்வருமாறு அமைந்தன:

நூல் விற்பனை பெருமளவு உயர்ந்தது. ஏற்கனவே செலுத்திய தொகையை வீணாக்க விரும்பாத பயணிகள், கையடக்கமான நூல் ஒன்றையேனும் வாங்கலாயினர்.

கட்டணத்தின் மூலம் கிடைத்த வருவாய் கட்டிடத்தைப் புதுப்பிக்க உதவியது. முகப்பும் மேற்கூரைக் கண்ணாடியும் இக்காலத்தில் சீரமைக்கப்பட்டன.

பதிப்புப் பணி புத்துயிர் பெற்றது. காப்புரிமைக் காலம் முடிந்த உலகச் செவ்விலக்கியங்களைச் சிறிய, அழகிய பதிப்புகளாக நிறுவனம் தன் பெயரில் வெளியிடத் தொடங்கியது.

வருவோரின் எண்ணிக்கை குறையவில்லை. 2018 ஆம் ஆண்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

இதற்கு மாற்றுக் கருத்துகளும் உள்ளன. புத்தகக் கடை என்பது எவரும் எந்நேரமும் காசின்றி நுழைந்து, நூல்களைப் புரட்டிப் பார்க்கக் கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். கட்டணம் சிறியதாயினும், மாணவர் ஒருவர் தாம் வாங்க முடியாத நூலைப் பார்ப்பதற்காக மட்டும் உள்ளே செல்லும் வழக்கத்தை அது தடுக்கின்றது. வரிசையில் நிற்க நேர்வதால் நகரவாசிகள் அன்றாடத் தேவைக்கு வேறு கடைகளை நாடுகின்றனர் என்பதும் குறையாகக் கூறப்படுகின்றது. இதற்கு எதிராக, கட்டணம் இல்லாதிருந்த காலத்திலும் நெரிசலால் அமைதியாக நூல் பார்ப்பது இயலவில்லை என்பதையும், கடை மூடப்பட்டால் இழப்பு அனைவருக்கும் உரியது என்பதையும் ஆதரவாளர் சுட்டிக்காட்டுகின்றனர்.

இவ்விரு வாதங்களுள் முதலாவது, கட்டணத்தால் தடுக்கப்படும் வாசகரைப் பற்றியது. இரண்டாவது, கட்டணத்தால் காக்கப்படும் கட்டிடத்தைப் பற்றியது. நூலின் விலையில் தொகையைக் கழிக்கும் ஏற்பாடு இரண்டையும் ஓரளவு இணைக்க முயல்கின்றது.

2020 ஆம் ஆண்டில் கொரோனா தொற்றின் காரணமாகக் கடை மூடப்பட்டது. அக்காலத்தில் வாகனத்தில் வந்தோருக்கு நூல்களை இலவசமாக வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பயணிகளே இல்லாத அந்நாட்களில், நகர மக்களுக்கும் புத்தகசாலைக்குமான உறவை நினைவூட்டுவதாக இது அமைந்தது.

பார்வையிடல்

கடைக்குச் செல்ல விரும்புவோர் நாளும் நேரமும் குறிப்பிட்ட சீட்டை இணையத்தின் வழியாக முன்கூட்டியே பெற்றுக் கொள்ளலாம். கோடைகாலத்தில் நெரிசல் மிகுதியாக இருக்கும். வெளியே வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் முகப்பின் ஓவியங்களைக் கவனிக்கலாம்.

உள்ளே சென்றவர்கள் பெரும்பாலும் நேராகப் படிக்கட்டை நோக்கியே செல்வர். தரையிலுள்ள தண்டவாளம், தூண்களிலுள்ள சிலைகள், அலமாரிகளின் மேற்பகுதி வேலைப்பாடு ஆகியவை இதனால் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. மேற்கூரைக் கண்ணாடியின் எழுத்துகளை மேல்தளத்தில் நின்று தெளிவாகப் படிக்கலாம். நூல்கள் போர்த்துக்கேய மொழியில் மட்டுமன்றி ஆங்கிலம், பிரெஞ்சு, எசுப்பானியம் முதலிய மொழிகளிலும் கிடைக்கின்றன. எசா டி கெய்ரோசின் நாவல்களின் மொழிபெயர்ப்புகளை, அவற்றை முதலில் வெளியிட்ட நிறுவனத்தின் வழிவந்த கடையிலேயே வாங்க முடிவது வாசகர்களுக்கு ஒரு தனி வாய்ப்பாகும்.

ஒப்பிடத்தக்க புத்தகசாலைகள்

போர்த்துக்கலின் தலைநகரான லிசுபனில் உள்ள பெர்ட்ராண்ட் புத்தகசாலை 1732 இல் தொடங்கப்பட்டது. 1755 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கடை அழிந்தபோதும், வேறிடத்தில் தொடர்ந்து இயங்கிப் பின்னர் பழைய பகுதிக்குத் திரும்பியது. இன்றும் இயங்கும் புத்தகக் கடைகளுள் உலகிலேயே மிகப் பழமையானது என இதனைக் கின்னசு உலக சாதனைகள் அமைப்பு ஏற்றுக் கொண்டுள்ளது. தி கார்டியன் பட்டியலில் முதலிடம் பெற்ற கடை, நெதர்லாந்தின் மாசுட்ரிக்ட் நகரில் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொமினிக்கன் தேவாலயத்தினுள் அமைந்தது. இரண்டாம் இடம் பெற்ற எல் அத்தேனியோ, அர்கெந்தீனாவின் புவெனசு ஐரிசு நகரில் முன்னாள் நாடக அரங்கு ஒன்றில் இயங்குகின்றது.

இவற்றுள் பின்னைய இரண்டும் வேறு பயன்பாட்டுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் புத்தகக் கடைகளாக மாற்றப்பட்டவை. லெல்லோ தொடக்கத்திலிருந்தே புத்தக விற்பனைக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. கட்டப்பட்ட நோக்கத்துக்காகவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது பயன்பட்டு வருகின்றது.